கண்மாயிலிருந்து மழைக்காட்டுக்கு: கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஒரு வழி

முதல் வேலையாக அமேசானைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மழைக்காடு என்று பாடம் வந்தாலே பிரேசிலில் ஆரம்பித்து, பெரிய பாம்புப் படம் ஒன்றைக் காட்டி, "உலகத்தின் நுரையீரல்" என்று பலகையில் எழுதிப் போட்டு முடித்துவிடுகிறோம். ராமநாதபுரம் கடற்கரையில் மோர்ப்பண்ணையிலோ முள்ளிமுனையிலோ இருக்கிற பிள்ளைக்கு அதில் பிடிமானம் எங்கே இருக்கிறது? அது பிறந்ததிலிருந்து பார்ப்பது கடல், உப்பளம், பனை, கண்ணுக்கு எட்டிய மட்டும் கருவக்காடு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில். அந்தப் பிள்ளையிடம் போய் "தினமும் மழை பெய்யும் காடு" என்றால் கதை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

நான் திருப்பாலைக்குடிப் பக்கம் சாயங்கால வகுப்பு எடுக்கிறவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே திண்ணையில்தான் உட்காரும். எல்லாருக்கும் நான் அக்கா. அந்தத் திண்ணையில் எடுபட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தண்ணீரில் தொடங்கி, காற்றுக்குப் போய், மண்ணில் இறங்கி, அதற்கப்புறம்தான் அமேசான். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

குடத்தில் ஆரம்பியுங்கள்

"உங்க வீட்டுக் குடத்துல இருக்கிற தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" இதுதான் முதல் கேள்வி. குழாய், லாரி, ஊருணி என்று பதில் வரும். விடாதீர்கள். குழாய்க்கு முன்னாடி? டேங்க். டேங்குக்கு முன்னாடி? இந்த இடத்தில் பெரிய பிள்ளைகளில் யாராவது ஒருவர் "காவிரிக் கூட்டுக் குடிநீர் அக்கா" என்று சொல்லிவிடும். ரோட்டோரம் அந்தப் பெயரை எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். சரி, காவிரிக்கு முன்னாடி? அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. குடகு மலை, தலைக்காவிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகள், அதாவது நம் பக்கத்து மழைக்காடுகள், நிற்கிற பக்கம். உன் அம்மா இன்றைக்கு உலை வைத்த தண்ணியில் ஒரு பங்கு அந்தக் காட்டு மலையில் விழுந்த மழை என்று சொல்லி, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். கேள்விகள் தானாக வரும்.

அடுத்தது வைகை. இதற்குப் புத்தக வரைபடம் வேண்டாம். தெருவில் மணல் இருக்கிறதே, அது போதும். ஒரு குச்சியை எடுத்து மேற்கே மலையைக் கீறுங்கள், கிழக்கே கடலைக் கீறுங்கள். ஓர் எட்டுக்குப் பத்து கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். வைகை 258 கிலோமீட்டர், ஆகவே இருபத்தாறு எட்டு. ஒரு பிள்ளையை வருசநாட்டு மலையில் நிறுத்தி நடக்கச் சொல்லுங்கள். தேனியில் ஒரு செங்கல் வைகை அணைக்கு. அதைக் கட்டி முடித்தது 1959இல். பிறகு மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய். கண்மாய் நிரம்பி மிச்சம் இருந்தால் அழகன்குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் கடல். நடந்து வரும் பிள்ளை கண்மாயிலேயே நின்றுவிட வேண்டும். "ஏன்டா நிக்கிறே?" என்றால், "தண்ணி முடிஞ்சிருச்சு அக்கா" என்பான். பெரும்பாலான வருஷம் நடப்பது அதுதான், அவனுக்கே தெரியும்.

இதில் இன்னொரு கோடு கட்டாயம் சேர்க்க வேண்டும்: முல்லைப் பெரியாறு. அந்த ஆறு மழைக்காட்டு மலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும்தான் அதில் ஒரு பங்கை நம் பக்கம் திருப்பி வைகையில் சேர்த்தன. பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அணைக்குப் பின்னால் நிற்கிற காட்டைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. தேக்கடியைச் சுற்றி நிற்பது பசுமை மாறாக் காடு. அணை தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அதை ஆண்டு முழுக்க அணைக்குக் கசியவிடுவது அந்தக் காடு.

மிகைப்படுத்தவும் வேண்டாம். வைகையின் நீர்ப்பிடிப்பு முழுக்க மழைக்காடு இல்லை. உச்சியில் மேகமலைப் பக்கம் பசுமை மாறாக் காடும் சோலையும், கீழே இறங்க இறங்க இலையுதிர் காடு, அதற்கும் கீழே முள்காடு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தை அறிவித்தபோது வைகைக்கும் அது நல்லது என்று பேசப்பட்டது. பெரிய பிள்ளைகளிடம் "புலிக்கும் உங்க கண்மாய்க்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டு, ஒரு வாரம் யோசிக்க விடுங்கள்.

கச்சான் காற்றைக் கேளுங்கள்

மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் காற்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாடை எது, கொண்டல் எது, மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் எது என்று உங்களுக்கே அது சொல்லித் தரும். ஆகவே கேளுங்கள்: ஆடி மாசம் மேற்கேயிருந்து இவ்வளவு காற்று அடிக்கிறதே, அதில் ஏன் மழை இல்லை?

மணல் வரைபடத்தில் மலை இருந்த இடத்தில் இப்போது மணலைக் குவித்து உயர்த்துங்கள். ஒரு பிள்ளை கையில் நனைந்த துணியோடு மேற்கேயிருந்து வரட்டும். மலை ஏறும்போது துணியைப் பிழிய வேண்டும். தண்ணீர் மேற்குச் சரிவில் கொட்டும். இறங்கி நம் பக்கம் வரும்போது துணி கிட்டத்தட்டக் காய்ந்திருக்கும். மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 2000, 3000 மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் பெய்கிறது. அதனால்தான் அங்கே மழைக்காடு நிற்கிறது. நமக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வருவது.

பல புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன: மலை மழையைத் தடுக்கிறது, அவ்வளவுதான் என்று. அது பாதிக் கதை. மலைமேல் நிற்கிற காடு, விழுந்த மழையில் ஒரு பகுதியைத் திரும்ப ஆவியாக விடுகிறது. கச்சான் காற்று அந்த ஈரத்தையும் ஏந்திக்கொண்டுதான் கிழக்கே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் ஈரம் தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மழை குறைந்த வருஷங்களில் அந்தப் பங்கு கூடுகிறதாம். நமக்கு ஆடியில் எப்போதாவது விழும் நாலு தூறலுக்கும் காட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "மரம் எப்படி அக்கா தண்ணி விடும்?" என்பார்கள். அதற்குத்தான் அடுத்தது.

இலையில் பை கட்டுவது

கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் பை இரண்டு, வலை பின்னுகிற நைலான் நூல் கொஞ்சம், காய்ச்சல் மருந்து பாட்டிலின் அளவு மூடி ஒன்று. செலவு இவ்வளவுதான்.

பூவரசு நல்ல மரம். இலை அகலம், கொப்பு கைக்கெட்டும், நம் ஊரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். கருவையில் கட்டப் பார்க்காதீர்கள், முள் பையைக் கிழித்துவிடும். காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் நேரே படுகிற ஒரு கொப்பைத் தேர்ந்து, இலைகளைத் துணியால் துடைத்துவிட்டுப் பையை மாட்டி வாயை இறுக்கிக் கட்டுங்கள். பையின் ஒரு மூலை கீழே தொங்க வேண்டும், அங்கேதான் தண்ணீர் சேரும். இன்னொரு பையில் காய்ந்த சுள்ளியைப் போட்டு அதே கிளையில் கட்டுங்கள். இந்த இரண்டாவது பையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "பைக்குள்ள வேர்த்திருக்கும் அக்கா, மரம் ஒண்ணும் விடல" என்று சொல்லும். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். இலைப் பையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், சுள்ளிப் பையில் அப்படி இருக்காது. மூலையில் சேர்ந்ததை மருந்து மூடியில் ஊற்றி அளக்கச் சொல்லுங்கள். பையில் இருந்த இலைகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு மரத்தில் எத்தனை இலை இருக்கும் என்று கேட்டால் பெருக்கல் கணக்கு தானாக நடக்கும்.

இப்போது அமேசானைக் கொண்டு வரலாம். அங்கே ஒரு பெரிய மரம் ஒரே நாளில் சில நூறு லிட்டர் தண்ணீரை இலை வழியாக விடும். எத்தனை குடம் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். அமேசான் படுகையில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி காட்டிலிருந்தே ஆவியாகித் திரும்பப் பெய்வது என்று பிரேசில் ஆய்வாளர் எனியாஸ் சலாட்டி 1970களில் மழைநீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறிய வகைகளை) அளந்து காட்டினார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம், பெய்து, ஆவியாகி, பெய்து, இப்படியே மேற்கே ஆண்டீஸ் மலை வரைக்கும் காட்டுக்கு மேலாகவே நகர்கிறது. நடுவில் காட்டை அழித்தால் அதற்கு அப்பால் இருக்கிறவனுக்கு மழை குறையும். பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. மேல்மடைக்காரன் அடைத்தால் கீழ்மடைக்குத் தண்ணி வராது என்பது ராமநாதபுரத்தில் பால்குடியிலேயே தெரிந்துகொள்கிற பாடம்.

மீன் பெட்டியில் மலைச்சரிவு

எனக்கு இந்தச் செய்முறைதான் எல்லாவற்றிலும் பிடித்தது, சத்தமும் சகதியுமாக இருப்பதால் பிள்ளைகளுக்கும். மீன் ஏற்றுகிற பழைய தெர்மாகோல் பெட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சுவரில் வாய் மாதிரி வெட்டுங்கள். இரண்டிலும் மண்ணை ஒரே கனத்துக்கு நிரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம், ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் அப்படியே உறிஞ்சிவிடும். திருவாடானைப் பக்கத்து வயல் மண் உத்தமம். கண்மாய்க் கரையைத் தோண்டி எடுக்காதீர்கள், ஊரில் வைவார்கள்.

ஒரு பெட்டியில் மண்ணை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி, புல்லை வேரோடு பெயர்த்து நடுவே பதித்து, இரண்டு நாள் தண்ணீர் தெளித்து ஊன்ற விடுங்கள். பின்பக்கம் செங்கல் வைத்துப் பெட்டிகளைச் சரித்து, வாய்க்குக் கீழே ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டில். அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவால் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வேகத்தில் மழை. ஊற்றும் பொறுப்பை அவசரக்காரப் பையனிடம் கொடுக்காதீர்கள்.

மொட்டை மண்ணில் தண்ணீர் உடனே ஓடி வரும், கலங்கலாக, பாட்டிலில் பாதி சேறு. சருகுப் பெட்டியில் முதலில் ஒன்றுமே வராது. பிள்ளைகள் "அக்கா, இது வேலை செய்யல" என்பார்கள். பொறுங்கள். பிறகு மெதுவாக, தெளிவாகச் சொட்ட ஆரம்பிக்கும். மழையை நிறுத்துங்கள். மொட்டைப் பெட்டி சீக்கிரமே ஓய்ந்துவிடும், சருகுப் பெட்டி சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாரையும் உட்கார வைத்து அந்தச் சொட்டை எண்ணச் சொல்லுங்கள். மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் ஏன் வருகிறது, காடு போனால் ஏன் ஒரே நாளில் வெள்ளமாக வந்து மறுவாரம் மணலாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. மழைக்காட்டில் இது இன்னும் பல அடுக்கு: வானை முட்டும் மரம், அதற்குக் கீழே நடுத்தர மரம், அதற்குக் கீழே செடி கொடி, தரையில் சருகு. மழைத்துளி பெரும்பாலும் நேரடியாக மண்ணில் அறைவதில்லை.

அந்தச் சேற்றுப் பாட்டிலைக் கொட்டிவிடாமல் வையுங்கள். அது வண்டல். போய்ச் சேருகிற இடம் முதலில் அணை, பிறகு கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைச் சொல்வோமே, அத்தனை பெரிய கண்மாய்க்கும் எமன் வண்டல்தான். அதையும் தாண்டிக் கடலுக்கு வந்தால் கலங்கல். பாக் நீரிணையின் கடல்புல்லுக்கு வெயில் வேண்டும். கலங்கின தண்ணியில் வெயில் இறங்காது. கடல்புல் போனால் ஆவுளியாவுக்கு (கடற்பசுவுக்கு) மேய்ச்சல் இல்லை.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுங்கள். காடும் தண்ணீர் குடிக்கும். மரம் நட்டால் ஆறு பெருகிவிடும் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. காடு செய்வது நிதானப்படுத்துவது. இன்னொரு விஷயம், பெரியவர்களுக்கே வியப்பாக இருக்கும்: மழைக்காட்டு மண் பெரும்பாலும் சத்துக் குறைந்த மண். சத்தெல்லாம் நிற்கிற மரத்திலும் மட்குகிற சருகிலும் இருக்கிறது. மரத்தை வெட்டி எரித்து விதைத்தால் சில வருஷம் விளையும், பிறகு மழையே மிச்சச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

நுரையீரல் பாடத்தை விட்டுவிடுங்கள்

மழைக்காடுதான் நமக்கு மூச்சுக்காற்று தருகிறது என்று சொல்லித் தராதீர்கள். முதிர்ந்த காடு தான் உண்டாக்கும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதும் தானே செலவழித்துவிடுகிறது: மரம் மூச்சு விடுகிறது, சருகு மட்குகிறது, பூச்சி புழு மூச்சு விடுகிறது. உலகில் உண்டாகும் ஆக்சிஜனில் கிட்டத்தட்டப் பாதி கடலில் மிதக்கும் நுண்பாசிகளிடமிருந்து வருகிறது. கடற்கரைப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியைப் பேசுங்கள். நம் ஊரில் கரிமூட்டம் போடாத பக்கம் உண்டா? மரம் என்றால் கரி என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. மழைக்காடு முழுக்க நிற்கிற கரி. எரித்தாலும் அழுகவிட்டாலும் அது கார்பன் டை ஆக்சைடாக மேலே போகும். மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் பத்தில் ஒரு பங்கு காடழிப்பால் வருவது. அதனால் கூடுகிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இறங்குவது கடலில். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் தண்ணீர் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் பாரை, அதாவது பவளப்பாறையைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லி, சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுங்கள். என் வகுப்பில் நான் சொன்னதைவிட அத்தையும் சித்தியும் சொன்னது நன்றாக நின்றது.

அடுப்படி, ரேஷன் கடை

இது சின்ன விளையாட்டு, அரை மணி போதும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டு வரட்டும். மிளகு, ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவை. சாக்லேட்டின் கொக்கோவும் ரப்பர் மரமும் அமேசான் பக்கத்தவை. பாமாயில் பாக்கெட் கண்டிப்பாக வரும். எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்க மரம், ஆனால் அதைப் பயிரிடச் சுமத்திராவிலும் போர்னியோவிலும் மழைக்காட்டைப் பரப்புப் பரப்பாக அழித்தார்கள். இதைச் சொல்லலாம், ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் "பாமாயில் வாங்காதே" என்று சண்டை போடும்படி சொல்லாதீர்கள். ரேஷனில் கிடைக்கிற எண்ணெயில் சமைக்கிற வீட்டின் மீது அந்தப் பழியைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

காரங்காட்டுக்கு ஒரு நடை

மழைக்காட்டைக் காட்ட நம்மால் முடியாது, ஆனால் காட்டைக் காட்ட முடியும். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறை படகு விடுகிறது. காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் குடிதண்ணீரும் முக்கியம், நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் மிதவை உடுப்பு மாட்டுங்கள். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேரைக் காட்டுங்கள். உப்பைக் கக்கும் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது மழைக்காடு இல்லை என்பதையும் சொல்லுங்கள். இங்கே மர வகைகள் கொஞ்சம். அமேசானில் சில இடங்களில் ஒரே ஹெக்டேருக்குள் 300க்கு மேல் மர வகை இருக்கிறது.

திரும்பி வந்து ஒரு வேலை: நாலு முழக் கயிற்றால் சதுரம் கட்டி, கருவக்காட்டுக்குள் ஓரிடம், ஐயனார் கோயில் மரத்தடியில் ஓரிடம், உள்ளே எத்தனை விதச் செடி என்று எண்ணட்டும். பெயர் தெரியாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஓர் இலை பறித்து ஒட்டினால் போதும். பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே மாதிரிக் காடு இல்லை என்று அந்தத் தாளைப் பார்த்தே தெரிந்துவிடும். கருவையைத் திட்டி முடிக்காதீர்கள், அதில் கரி போட்டுப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையும் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காற்றுப் பாடத்தை ஆடியில் வையுங்கள், வெளியே போய் நின்றாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மீன் பெட்டியைப் புரட்டாசியில் செய்துவிட்டால், ஐப்பசி மழையில் தெருவோரம் ஓடுகிற தண்ணீரைப் பிள்ளைகளே பாட்டிலில் பிடித்து வந்து காட்டுவார்கள். பூவரசில் கட்டிய பைகளை அன்றைக்கே கழற்றிவிடுங்கள், விட்டு வைத்தால் காற்றில் விழுந்து ஆடு தின்றுவிடும்.